ஆற்றோரம் கூப்பிட்ட பெயர்

1

எங்கள் ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால், அவன் லண்டனில் இருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். லண்டனுக்கும் நான் இருக்கும் இடத்துக்கும் நடுவே அரைநாள் ரயில் பயணம் இருக்கிறது. இது வட இங்கிலாந்தில், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு கம்பளி ஆலை ஊர். கரி படிந்த கல் வீடுகள், ஈரம் காயாத தெருக்கள், ஊருக்குக் கீழே ஒரு சின்ன ஆறு. தருமபுரி ஜில்லாவில் ஏரியூர்ப் பக்கம் வாத்தியாராக இருந்த நான் இங்கே ஆட்டு மயிர் சீவும் எந்திரத்தின் முன் நிற்கிறேன். வேலை கிடைத்து வந்தவள் என் மனைவி பிலோமினா, நர்ஸ். நான் அவள் பின்னால் வந்தவன்.

நான் மீன் பிடிக்கிறேன் என்று தங்கைக்கு எழுதியபோது, அங்கே சாப்பாட்டுக்கு அவ்வளவு கஷ்டமா என்று கேட்டுப் பதில் வந்தது. அப்படியில்லை. இங்கே ட்ரௌட் என்று ஒரு மீன் உண்டு. நம் கெண்டையைப் போல அடிமண்ணைக் கிளறித் தின்னாது. குளிர்ந்த ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றுகொண்டு, மேலே மிதந்து வரும் பூச்சியை மட்டும் மூக்கு நீட்டிக் கவ்வும். அதற்குப் புழு வேண்டாம். கொசு அளவுக் கொக்கியில் நூலும் இறகும் சுற்றி ஓர் ஈயைக் கட்டவேண்டும். அந்த ஈ நனையாமல் தண்ணீர் மேல் நிற்கவேண்டும்.

இதை எனக்குக் காட்டியவர் ஸ்டான். போலந்துக்காரர், பக்கத்து எந்திரத்தில் வேலை செய்கிறவர். யுத்தத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பமுடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் பெஞ்சில்தான் உட்காருவார். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் தகராறு என்பதால் எங்களுக்குள் நன்றாகப் பேச்சு ஓடியது. அவர் வீட்டுச் சமையலறை மேசை விளிம்பில் வைஸ் என்கிற ஒரு குட்டி இரும்பு இடுக்கி திருகியிருக்கும். அதில் கொக்கியைக் கவ்வக் கொடுத்து, முயல் ரோமத்தை நூலில் திரித்து உடம்பு செய்வார். கழுத்தில் சேவல் இறகு ஒன்றைச் சுற்றினால் அதன் இழைகள் சக்கரம்போல விரிந்து நிற்கும். அந்த இழைகளின் நுனிமேல்தான் ஈ தண்ணீரில் நிற்கிறது. அதற்கு விறைப்பான இறகு வேண்டும். இந்த ஊர்ச் சேவலுக்கு அது வருவதில்லையாம்; கடையில் இந்தியச் சேவலின் கழுத்துத் தோலைத்தான் விற்கிறார்கள். முதன்முதலில் அதைக் கையில் வாங்கியபோது, செம்பும் கறுப்பும் கலந்த அந்த நிறத்தைப் பார்த்து, எந்தத் தெருவில் கூவிய சேவலோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூழ்கும் ஈ ஒன்றும் உண்டு. அதைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ இழுக்கும்வரை காத்திருக்கவேண்டும். ஸ்டான் அதையும் என் கையில் கொடுத்துப் பார்த்தார். ஒருநாள் அது இழுபட்டபோது தூண்டில் தடியைப் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு மிதக்கும் ஈ மட்டும்தான்.

இந்த ஆற்றில் பிடிக்க மீன்பிடிச் சங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். என் பெயர் அருளப்பன், அப்பா பெயர் சூசை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் விழுந்ததால் ஆலையில் நான் சூசை. அது இவர்கள் காதில் ஸூஸி என்று கேட்கிறது. ஸூஸி இங்கே பெண் பெயர். சங்கத்தின் குமாஸ்தா என் பெயரைப் பார்த்துவிட்டுப் பெண்களுக்கான மஞ்சள் சீட்டை அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் அந்தச் சீட்டில்தான் மீன் பிடித்தேன். ஒருமுறை ஆற்றுக் காவலர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மணி எங்கே?” என்று புதர்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். அக்கரையில் நின்ற ஸ்டான் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஒரு மீனும் மேலே வரவில்லை.

2

என் தம்பி பெயர் சவேரியார். வீட்டில் சவேரி. என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பா போன பிறகு காடு கழனியைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

ஏரியூருக்கு மேற்கே எங்கள் ஊர். மேட்டூர் அணை நிரம்பினால் தண்ணீர் பின்னோக்கி ஏறி எங்கள் வரப்புவரை வந்து நிற்கும். வற்றினால் அதே இடத்தில் ராகியும் கடலையும் போடுவோம். அணை கட்டும்போது மூழ்கிய ஊர்களின் பனைமரங்கள் தலை போய், கறுத்த கம்பங்களாகத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். சவேரிக்குக் காட்டு வேலை கடமை, ஆறுதான் ஆசை. மாட்டைக் கட்டியதும் பரிசலை எடுத்துக்கொண்டு வலை விடப் போய்விடுவான். ஆத்தா கத்துவாள். அவன் கொண்டுவரும் மீனையும் அவளே குழம்பு வைப்பாள்.

அது ஐப்பசி. என் மகள் தெரேசா அப்போது கைக்குழந்தை. சாயங்காலம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தவன், அவளை என் கையில் கொடுத்து, “புடிண்ணா, காத்து ஏறிக்கிச்சு. வலைய எடுத்துட்டு வந்துர்றேன்” என்று கிளம்பினான். காற்று உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று பிலோமினா சொன்னாள். “புது வலைங்க அண்ணி, பனமரத்துல சிக்கிட்டா கிழிஞ்சிரும்” என்றான்.

மறுநாள் காலை பரிசலைக் கண்டெடுத்தோம். ஒரு பனங்கம்பத்தின்மேல் கவிழ்ந்து, ஆமை முதுகுபோல ஆடிக்கொண்டிருந்தது. வலை கிழியாமல் அப்படியே கட்டியிருந்தது. அவன் இல்லை.

பரிசல்காரர்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடியில் இழுத்துக்கொண்டே போவோம். ஏதாவது மாட்டும். கயிறு கனக்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். மேலே வருவது வேர், அல்லது முங்கிப்போன எவனோ வீட்டு நிலைக்கட்டை. அந்தக் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கீழே அணைவரை ஆள் அனுப்பினோம். பிணம் தானாக மேலே வரும் என்றார்கள். ஒன்றும் வரவில்லை.

பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்து, ஆத்மாவுக்காக ஒரு பூசை வைத்துவிடலாம் என்றார். ஆத்தா அடுப்படியிலிருந்து எழுந்து வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள்.

“பொணத்தக் காட்டுங்க சாமி, பூச வெக்கிறேன். காட்ட முடியாதில்ல? அப்ப எம்புள்ள எங்கியோ இருக்கான். உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணச் சொல்றீங்களா?”

சாமியார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். தாலுகா ஆபீசிலும் இதே பேச்சுதான். “பாடி இல்லாம டெத்துன்னு எப்படிங்க எழுதறது?” என்று குமாஸ்தா என்னைக் கேட்டார். அதனால் சர்க்காருக்கும் என் தம்பி உயிரோடுதான் இருந்தான். ஓட்டர் லிஸ்டில் அவன் பெயர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆத்தா அவனைப் பற்றிப் பேசும்போது “இருந்தான்” என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்கு ராகிக் களி சூடா இருக்கணும், அவனுக்குச் சட்ட தைக்கணும் என்றுதான் பேச்சு. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி கொளுத்தும். ஆத்தா அப்பாவின் கல்லறைக்கு மட்டும் போவாள். பக்கத்தில் கிடக்கும் காலி இடத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள்.

பிலோமினாவுக்கு இங்கே வேலை வந்தபோது நான் உடனே சரி என்றேன். தண்ணீரைப் பார்க்காத இடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். வந்து இறங்கிய வீட்டின் பின்ஜன்னலைத் திறந்தால் ஆறு.

3

தெரேசா இங்கே டெரி ஆகிவிட்டாள். தமிழ் புரியும், பேசமாட்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ஒரு வயதில் “தண்ணி” என்று சொன்ன பிள்ளை பதின்மூன்று வயதில் “வாட்டர்” என்பதைக்கூட இந்த மலைக்காரர்களைப் போல “வாட்டா” என்று விழுங்கிச் சொல்கிறாள். என் இங்கிலீஷைத் திருத்துவாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மட்டும் வந்தால் போதும் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு முகம் சிவந்தாள். நான் கேட்காததுபோல ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிஞ்சியது இந்த ஈதான். ஒரு மழை நாளில் நான் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையுதிர் காலத்தில் இங்கே புல்வெளியிலிருந்து ஒரு நீண்ட கால் பூச்சி கிளம்பும். காற்று அதைத் தூக்கி ஆற்றில் போடும். ட்ரௌட் மற்றதை விட்டுவிட்டு அதற்கு வரும். அந்தப் பூச்சியைக் கட்டுவதில் கஷ்டம் கால்தான். இறகின் ஓர் இழையை எடுத்து, நடுவில் முடிச்சுப் போட்டு முழங்கால் மாதிரி மடக்கவேண்டும். என் விரல் தடித்துப்போனது, அதில் முடிச்சு விழாது. அவள் ஊசியை வைத்துக்கொண்டு சும்மா போட்டாள். அன்றிலிருந்து கால் அவள் வேலை, உடம்பும் கழுத்தும் என் வேலை.

ஆற்றங்கரையில் அவள் பேசுவாள். பள்ளிக்கூடம், தோழிகள், அம்மாவிடம் சொல்லக்கூடாத சில விஷயங்கள். நான் முக்கால்வாசி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈயைப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஈயையும் பார்ப்பேன். ஆனால் வளைவில், வேர்கள் நீண்டுகிடக்கும் இடத்தில், நுரை சேர்ந்து சுழலும் இடத்தில் என் கண் போய்ப் போய் வரும். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். ஏழு கடல் தாண்டி வேறொரு ஆற்றில் அது கிடைக்காது என்பதும் தெரியும். கண் கேட்பதில்லை.

பிடித்த மீனை ஸ்டானிடம் கொடுத்துவிடுவேன். “நாம ஏன் டாடி சாப்பிடறதில்லை?” என்று ஒருமுறை இங்கிலீஷில் கேட்டாள். முள் அதிகம் என்றேன். ட்ரௌட்டில் முள் அதிகமில்லை.

4

செப்டம்பர் கடைசி நாளோடு ட்ரௌட் காலம் முடிந்துவிடும். அதன் பிறகு மார்ச்வரை ஆற்றில் கொக்கி படக்கூடாது. இந்த வருடம் அந்தக் கடைசி நாள் சனிக்கிழமை. மத்தியானம் நானும் தெரேசாவும் போவதாகப் பேசி வைத்திருந்தோம். ஆலையில் ஓர் ஆள் வரவில்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது மேலே மலை தெரியவில்லை. மேகம் கறுத்து இறங்கியிருந்தது. ஊரில் தூறல்தான், மேலே கொட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் தடி இல்லை. அவளுடைய ரப்பர் பூட்ஸும் இல்லை. பிலோமினா ஆஸ்பத்திரி வேலையில்.

இந்த ஆறு விசித்திரமானது. ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஒரே மூச்சில் இறங்கி வரும். நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் அக்கரைக்குப் போகப் பெரிய பெரிய கல்லாகப் போட்டிருப்பார்கள். தாண்டித் தாண்டிப் போகலாம். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்தக் கற்கள் ஒன்றும் தெரியவில்லை. டீ நிறத்தில் தண்ணீர், இலைகளும் சுள்ளிகளும் சுழன்றுகொண்டு. கரையோரப் புதரில் அவளுடைய சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கையில் எடுத்தேன். நனைந்திருந்தது. அதற்குப் பிறகு என் உடம்பு நான் சொன்னதைக் கேட்கவில்லை. கரையோரம் கீழ்ப்பக்கமாக ஓடினேன். முட்கம்பி கிழித்ததுகூட பிறகுதான் தெரிந்தது. வளைவில் ஒரு மரம் சாய்ந்து கிளை தண்ணீரில் கிடந்தது. அதில் ஏதோ கறுப்பாகச் சிக்கி ஆடியது. இடுப்புவரை இறங்கி அதைப் பிடித்து இழுத்தேன். கை கனத்தது. எனக்குத் தெரிந்த கனம். மேலே வந்தது ஒரு பழைய சாக்கு.

அப்போது அவன் அங்கே இருந்தான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் பேயைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பின்னால், தண்ணீரில், என் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்பது, குளிர் தெரிவதுபோலத் தெரிந்தது. திரும்பினால் போய்விடுவான் என்று திரும்பவில்லை. கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன்.

“டாடி!”

மேலே கரையில் தெரேசா நின்றிருந்தாள். கையில் தடி. தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வெள்ளம் வருமுன்பே அக்கரைக்குப் போயிருக்கிறாள். ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்தால் கற்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. கால் வைக்காமல், புத்தியாக அந்தக் கரையோரமாகவே நடந்து, கீழே இருக்கும் பாலத்தில் ஏறிச் சுற்றி வந்திருக்கிறாள். தொப்பி காற்றில் பறந்து இந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கிறது.

என்னைக் கைகொடுத்து இழுத்துக் கரையேற்றியவள் அவள்தான். என் பல் அடித்துக்கொண்டது. அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். திட்டவில்லை. திட்டு வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் கேட்டாள்.

“ஹூ இஸ் சவேரி, டாடி?”

நான் நின்றேன்.

“நீங்க என் பேரைக் கூப்பிடவே இல்லை. பாலத்திலிருந்து கேட்டுக்கிட்டே வந்தேன். சவேரி, சவேரின்னுதான் கத்தினீங்க. நானும் ‘இங்கே இருக்கேன்’னு கத்தினேன். உங்களுக்குக் கேக்கலை.” இதை அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

5

அன்று சாயங்காலம் பிலோமினா வந்ததும் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். பாதியில் தமிழ் தெரேசாவுக்குப் புரியாமல் போகும். என் இங்கிலீஷ் போதாமல் போகும். பிலோமினா நடுவில் எடுத்துச் சொல்வாள். காற்று ஏறிய அந்தச் சாயங்காலம் அவன் கடைசியாகத் தூக்கி வைத்திருந்தது உன்னைத்தான் என்று சொன்னபோது, தெரேசா தன் தோளைக் கையால் தொட்டுக்கொண்டாள்.

பிலோமினா தருமபுரிக்குப் பக்கத்து இண்டூர்க்காரி. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள். அன்று மெதுவாகப் பேசினாள்.

“இத்தன வருசமா அவரு நம்ம கூடவேதாங்க குடியிருக்காரு. நீங்க தூக்கத்துல பேசறது எனக்குத் தெரியாதா? அங்க அத்த ஒரு பக்கம் அவரப் புடிச்சு வெச்சிருக்காங்க, இங்க நீங்க ஒரு பக்கம். போயிட்டு வாங்க. கல்லறைத் திருநாளுக்கு அத்தையப் பாத்துட்டு வாங்க. புள்ளையயும் கூட்டிட்டுப் போங்க.”

திங்கட்கிழமை ஆலையில் ஸ்டானிடம் சொன்னேன். எந்திரச் சத்தத்தில் காதோடு காதாகத்தான் பேசமுடியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். பிறகு சொன்னார்: “என் அம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. புதைத்தார்களா என்பதும் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் நடுவில் பெரிய சிலுவை இருக்கிறதே, எங்கள் ஊரில் இடம் தெரியாதவர்களுக்கெல்லாம் அதனடியில் விளக்கு வைப்போம். இங்கேயும் வைக்கிறேன். எங்கே என்று தெரியவில்லை என்பதால் அம்மா சாகவில்லை என்று ஆகிவிடுமா, அருள்?”

லீவு கேட்கப் போனேன். காரணம் துக்கம் என்று எழுதினேன். யார், எப்போது இறந்தார் என்று கேட்டார்கள். சொன்னதும், இதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்றார் அந்த ஆபீசர், கேலியாக இல்லை, உண்மையாகவே புரியாமல். சம்பளமில்லாத லீவாகப் போட்டுக்கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் இதே கேள்வி. அங்கே தெரேசாவே பதில் சொல்லிவிட்டாளாம்: “என் சித்தப்பா. அவருக்கு இன்னும் அடக்கம் ஆகவில்லை.”

6

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, தருமபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறி, ஏரியூர் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அணை நிரம்பியிருந்தது. தண்ணீர் எங்கள் வரப்பில் நின்றது.

ஆத்தா குறுகிப்போயிருந்தாள். தெரேசாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சின்னவன் சாடையா இருக்குதே. அவன் பாத்தா சந்தோசப்படுவான்” என்றாள். தங்கை ரோசாலி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ரோசாலியும் அவள் வீட்டுக்காரரும்தான் ஆத்தாவோடு இருக்கிறார்கள்.

இரண்டு நாள் நான் வந்த விஷயத்துக்கு வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. தெரேசாதான் வீட்டையும் ஊரையும் சுற்றி வந்தாள். அவளுடைய தமிழைக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. தண்ணீரோரம் எங்கும் வெள்ளை இறகுகள் மிதந்தன. அவற்றைச் சின்ன மீன்கள் எழும்பி எழும்பிக் கவ்வுவதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து கொக்கியையும் நூலையும் எடுத்தாள். கூடைக்கு அடியில் கிடந்த சேவல் இறகைப் பொறுக்கி, வைஸ் இல்லாமல் விரலிலேயே பிடித்துக் கட்டினாள். ஈசல் மாதிரியே இருந்தது. ரோசாலி வீட்டுக்காரரோடு போனாள். நான் வரப்போடு நின்றுவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். கையில் ஓர் ஓலையில் கோத்த வெள்ளிச்சி மீன்கள், விரல் நீளம். நேரே அடுப்படிக்குப் போனாள்.

“ஆயா, மீன். நான் புடிச்சது. உனக்கு.”

ரோசாலி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். ஊரில் இருந்தபோது நான் கவனிக்காதது அப்போதுதான் உறைத்தது. வந்த மூன்று நாளில் அந்த வீட்டில் மீன் வாசனை இல்லை. ஆற்றோர வீடு அது. ரோசாலி பிறகு சொன்னாள்: அந்த ஐப்பசியிலிருந்து அந்த அடுப்பில் மீன் ஏறியதே இல்லையாம். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் ஆத்தா எழுந்து காட்டுப்பக்கம் போய்விடுவாளாம். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

“வெளிய கொண்டு போ கண்ணு” என்றாள் ஆத்தா.

“ஏன் ஆயா?”

“வேணாம். ஆயா திங்கறதில்ல.”

“ஏன்?”

“புடிக்காதுன்னு வெச்சுக்கோயேன்.”

“ஏன் ஆயா?”

அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். வேறு எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது. மீனை நீட்டியபடியே நின்றாள். நான் போய்த் தடுக்க நினைத்தேன். ரோசாலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆத்தா வெகுநேரம் அந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து வந்தது குரல்.

“உங்க சித்தப்பன் அந்தத் தண்ணிக்குள்ளதான கண்ணு கெடக்கறான். அந்தத் தண்ணி மீன நான் எப்புடித் திம்பேன்?”

அடுப்பில் சுள்ளி வெடித்தது. சொல்லிவிட்டோம் என்பது ஆத்தாவுக்கே அப்போதுதான் புரிந்ததுபோல, எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருடம் அழாத அழுகை. தெரு சனம் வாசலில் கூடியது. பெண்கள் உள்ளே வந்து ஆத்தாவைச் சுற்றி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நேற்றுச் செத்தவனுக்கு அழுவதுபோல அழுதார்கள். தெரேசா பயந்துபோய் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். “நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எனக்கும் அழுகை வந்தது. ஊரறிய, சத்தம்போட்டு, என் தம்பிக்காக அன்றுதான் அழுதேன்.

காலையில் ஆத்தா என்னைக் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

“சாமியாருகிட்டப் போயி சொல்லிட்டு வா. அப்பன் பக்கத்துல அந்த எடத்துல ஒரு சிலுவ நடணும். கொத்தனுக்கு ஆள் அனுப்பு. உள்ளாற வெக்கறதுக்கு அவன் வேட்டி ஒண்ணு மடிச்சு வெச்சிருக்கேன், அது போதும்.”

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் ஊர் முழுக்க அங்கே இருந்தது. சுண்ணாம்பு வாசனை, செவ்வந்தி வாசனை, காற்றில் அணைந்து அணைந்து எரியும் மெழுகுவர்த்திகள். அப்பாவின் பக்கத்தில் புது மண். வேட்டியை நானும் ரோசாலி வீட்டுக்காரரும் உள்ளே வைத்து மூடினோம். புதுச் சாமியார் இளைஞர், நான் போய்ச் சொன்னது தவிர எங்கள் கதை தெரியாதவர். அந்த வருடத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் வாசித்தார்: “சூசை மகன் சவேரியார்.”

“சாமி,” என்றாள் ஆத்தா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தினார்.

“அப்புடிச் சொன்னா அவனுக்குத் தெரியாதுங்க. அவன யாரும் அப்புடிக் கூப்புட்டதில்ல. சவேரின்னு சொல்லுங்க.”

சாமியார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குக் கேட்கும்படி, உரக்க, அவள் சொன்னபடியே சொன்னார்.